எந்த நாட்டு நீதிமன்றமும் விசாரிக்க முடியாத வேலை: சர்வதேச அமைப்புகளில் பணியாளர் உறவுகள்

ஊழியர் ஒருவரை நிர்வாகம் நியாயமின்றி வேலையைவிட்டு நீக்கினால் அவர் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேறலாம் என்பது, உலகின் பெரும்பாலான நாடுகளில் இன்று சாதாரண உரிமை. ஐக்கிய நாடுகள் சபையின் ஜெனீவா அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் சுவிட்சர்லாந்தின் நீதிமன்றத்தில் ஐ.நா.மீது வழக்குத் தொடுத்தால், அது விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படாது. நியூயார்க், வியன்னா, நைரோபி என எங்கு பணிபுரிந்தாலும் நிலைமை இதுதான். 1946 பிப்ரவரி 13 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட சிறப்புரிமைகள், சட்ட விலக்குகள் பற்றிய உடன்படிக்கை, அந்த அமைப்பை எல்லா வகையான நீதிமன்ற நடவடிக்கைகளிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறது.

சர்வதேச அமைப்புகளின் மனிதவளப் பணி மற்ற இடங்களிலிருந்து வேறுபடுவது இந்த ஒரு நிலைமையால்தான். தனியார் நிறுவனத்தில் மனிதவள அதிகாரி எழுதும் கொள்கைக்கு அடியில் நாட்டின் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. கொள்கையில் ஓட்டை இருந்தாலும் சட்டம் அதை நிரப்பிவிடும். சர்வதேச அமைப்பில் அப்படி நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. விடுப்பு எத்தனை நாள், பணிநீக்கத்துக்கு எவ்வளவு முன்னறிவிப்பு, துன்புறுத்தல் என்பது எது என்பதையெல்லாம் அமைப்பே எழுதி, அமைப்பே நடைமுறைப்படுத்தி, தகராறு வந்தால் தானே நிறுவிய தீர்ப்பாயத்தின் முன் அதை நியாயப்படுத்தவும் வேண்டியிருக்கிறது. கொள்கை வரைகிற அதிகாரியும் ஊழியரின் குறையைக் கேட்கிற அதிகாரியும் பல அலுவலகங்களில் ஒரே பிரிவில் அமர்ந்திருக்கிறார்கள். சிறிய அமைப்புகளில் இருவரும் ஒரே ஆளாகவே இருப்பதும் உண்டு.

விலக்கு எதற்காகத் தரப்பட்டது

இப்படியொரு விலக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவே விடை. பொதுச் செயலாளரும் பணியாளர்களும் எந்த அரசிடமிருந்தும் அறிவுறுத்தல் கேட்கவோ பெறவோ கூடாது என்றும், அவர்கள்மீது செல்வாக்குச் செலுத்த உறுப்பு நாடுகள் முயலக்கூடாது என்றும் அது சொல்கிறது. அலுவலகம் அமைந்திருக்கும் நாட்டின் நீதிமன்றம் அந்த ஊழியரை யார் நியமிக்கலாம், யார் நீக்கலாம் என்று தீர்மானிக்கத் தொடங்கினால் இந்தச் சுதந்திரம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

இது வெறும் கோட்பாட்டு அச்சம் அல்ல. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது, ஐ.நா.வில் பணிபுரிந்த அமெரிக்கக் குடிமக்கள் சிலர் விசாரணைக் குழுக்களின் முன் அழைக்கப்பட்டார்கள். தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்லத் தேவையில்லை என்ற அரசமைப்பு உரிமையைச் சுட்டிக்காட்டி, சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர்கள் மறுத்தார்கள். அப்போதைய பொதுச் செயலாளர் திரிக்வே லீ அவர்களைப் பணியிலிருந்து விலக்கினார். 1949இல் நிறுவப்பட்டிருந்த ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயம் அவர்களுள் 11 பேருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தப் பணத்தை ஒதுக்கப் பொதுச் சபை மறுக்கலாமா என்ற கேள்வி சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. மறுக்க முடியாது என்று 1954 ஜூலை 13 அன்று நீதிமன்றம் கருத்துரைத்தது. தனிமனிதர்களின் சுதந்திரத்துக்கும் நீதிக்கும் பாடுபடுவதாகச் சொல்லும் ஓர் அமைப்பு, தன் ஊழியர்களுக்கு மட்டும் நீதி கேட்க வழி வைக்காமல் இருப்பது அதன் நோக்கத்தோடு ஒத்துப்போகாது என்பதே அந்தக் கருத்துரையின் சாரம்.

உள்ளே நீதி கிடைத்தால்தான் வெளியே விலக்கு நிலைக்கும் என்ற இந்தத் தர்க்கத்தை 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் மையத்தில், வேறொரு நிறுவனத்தின் வழியாக நீண்ட காலம் பணிபுரிந்த இருவர், தாங்கள் முகமையின் ஊழியர்களே என்று ஜெர்மானிய நீதிமன்றங்களில் வாதிட்டுத் தோற்றிருந்தார்கள். அவர்களது முறையீட்டை ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆனால், ஊழியருக்கு நியாயமான மாற்று வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சட்ட விலக்கு செல்லும் என்ற அளவுகோலை அது வகுத்தது. ஒரு மனிதவளப் பிரிவு குறைதீர் முறையை அரைகுறையாக நடத்தினால், அது கெடுப்பது ஊழியரின் மனநிலையை மட்டுமல்ல என்பது இதிலிருந்து தெரியும். ஐரோப்பிய நாட்டு நீதிமன்றம் ஒன்று அமைப்பின் விலக்கையே கேள்விக்குள்ளாக்க அது இடம் கொடுக்கிறது.

யார் எழுதும் விதி பெரியது

உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தில் அமைப்பின் சொந்த விதிகளே சட்டம். ஐ.நா. செயலகத்தில் இவற்றுக்கு ஓர் ஏறுவரிசை உண்டு. உச்சியில் சாசனம், அதன் கீழ் பொதுச் சபை இயற்றும் பணியாளர் ஒழுங்குமுறைகள், அவற்றை விரித்துப் பொதுச் செயலாளர் வெளியிடும் பணியாளர் விதிகள், அதன்பின் பொதுச் செயலாளரின் அறிக்கைகள், நிர்வாக அறிவுறுத்தல்கள், கடைசியில் கையேடுகளும் வழிகாட்டிக் குறிப்புகளும். கீழே உள்ளது மேலே உள்ளதோடு முரண்பட்டால் கீழே உள்ளது செல்லாது. கையேட்டில் இருக்கும் ஒரு வரியை நம்பி விடுப்பையோ பதவி உயர்வையோ மறுத்த மேலாளர்கள், தீர்ப்பாயத்தில் நிற்கும்போதுதான் அந்த வரிக்குச் சட்ட வலிமை இல்லை என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த ஏறுவரிசை எப்படி இயங்குகிறது என்பதற்கு 2023இல் வந்த பெற்றோர் விடுப்பு மாற்றம் நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு முன்பு மகப்பேற்று விடுப்பு, தந்தையர் விடுப்பு, தத்தெடுப்பு விடுப்பு என மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன; தாய்க்கு 16 வாரங்கள் கிடைத்தபோது தந்தைக்குப் பொதுவாக 4 வாரங்களே கிடைத்தன. ஐ.நா. அமைப்புகளின் ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் கவனிக்கும் சர்வதேசக் குடிமைப் பணி ஆணையம் இதை மாற்றப் பரிந்துரைக்க, பொதுச் சபை ஏற்க, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பெற்றோருக்கும் 16 வாரங்கள், பிள்ளை பெறும் தாய்க்குக் கூடுதலாக 10 வாரங்கள் என்று விதி திருத்தப்பட்டது. அறிவிப்பாகப் படிக்கும்போது எளிமையாகத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட திருத்தம் எதிலும் மனிதவளப் பிரிவின் அஞ்சல் பெட்டி நிரம்புவது விதியின் நடுப்பகுதியால் அல்ல, விளிம்புகளால்தான். புதிய விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு பிறந்த பிள்ளைக்கு எது பொருந்தும்? பழைய விதியின்கீழ் தொடங்கிய விடுப்பை நீட்டிக்கலாமா? ஒப்பந்தம் விடுப்புக்கு நடுவே முடிந்தால் என்ன செய்வது? இடைக்கால ஏற்பாடுகளை வரைவிலேயே யோசிக்காத கொள்கை, வெளியான மறுவாரமே தகராறுகளைப் பெற்றெடுக்கும்.

வரைவு இறுதியாவதற்குமுன் பணியாளர் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிப்பது பணியாளர் ஒழுங்குமுறைகளின் 8ஆம் பகுதி விதிக்கும் கடமை. ஆனால் ஐ.நா. செயலகத்தில் இது கூட்டுப் பேரம் ஆகாது. பிரதிநிதிகளின் கருத்தைக் கேட்கவேண்டும், நல்லெண்ணத்தோடு விவாதிக்கவேண்டும். அவர்கள் சம்மதிக்காவிட்டாலும் பொதுச் செயலாளர் விதியை வெளியிடலாம். இந்தப் பலவீனத்தை ஊழியர் சங்கங்கள் பல்லாண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ., தன் ஊழியர் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தங்கள் செய்துகொள்வதன் மூலம் இதில் ஒரு படி முன்னே இருக்கிறது. உலகத்துக்கே கூட்டுப் பேர உரிமையைப் போதிக்கும் அமைப்பு அதைத் தன் வீட்டில் மறுத்தால் நன்றாக இருக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எல்.ஓ. நிர்வாகத் தீர்ப்பாயம் வேலைநிறுத்தத்தைச் சட்டப்படியானதாகவே பார்க்கிறது. மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2013இல் கொண்டுவந்த வேலைநிறுத்தக் கட்டுப்பாடுகளை, அந்த உரிமையை மீறியவை என்று 2022இல் அந்தத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு ஊழியர்களுக்குச் சாதகம்தான். ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்

சர்வதேச அமைப்பின் மனிதவள அதிகாரியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேச முடியாது. அவர் கையில் அது இல்லை. 1974இல் பொதுச் சபை நிறுவிய, 15 உறுப்பினர்களைக் கொண்ட சர்வதேசக் குடிமைப் பணி ஆணையமே ஐ.நா.வும் அதன் முகமைகளும் பின்பற்றும் பொதுவான ஊதியக் கட்டமைப்பைப் பார்த்துக்கொள்கிறது. தொழில்முறைப் பணியாளர்களுக்கு, உலகிலேயே அதிகச் சம்பளம் தரும் தேசிய அரசுப் பணியோடு ஒப்பிட்டு ஊதியம் நிர்ணயிக்கப்படுகிறது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் காலத்தில், 1921இல், நோபிள்மேர் தலைமையிலான குழு வகுத்த கொள்கை இது; அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அமெரிக்கக் கூட்டாட்சி அரசுப் பணி. வாஷிங்டனில் அதே நிலையில் இருப்பவரின் நிகர ஊதியம் 100 என்றால், நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. அதிகாரியின் நிகர ஊதியம் 110க்கும் 120க்கும் இடையில் இருக்கவேண்டும். எழுத்தர், உதவியாளர் போன்ற பொதுச் சேவைப் பிரிவினருக்கு அளவுகோல் வேறு: அந்தந்த ஊரில் நல்ல நிறுவனங்கள் தரும் ஊதியமே அவர்களுக்கு வழிகாட்டி. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் அமர்ந்து வேலைசெய்யும் இருவருக்கு இரண்டு வேறு உலகங்களின் சம்பளம் கிடைப்பதற்கு இதுதான் காரணம். பணியாளர் உறவுகளில் வெளியே சொல்லப்படாமல் புழுங்கிக்கொண்டிருக்கும் மனக்கசப்புகளில் பாதி இந்தப் பிரிவினையிலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

ஊர்களுக்கிடையே விலைவாசி மாறுபடுவதால், தொழில்முறைப் பணியாளர்களின் அடிப்படைச் சம்பளத்தோடு ஊருக்கு ஊர் மாறும் ஓர் ஈட்டுத்தொகை சேர்க்கப்படுகிறது. இந்தத் தொகையைச் சுற்றித்தான் அண்மைக் காலத்தின் மிகப்பெரிய பணியாளர் தகராறு வெடித்தது. 2016இல் நடத்திய வாழ்க்கைச் செலவுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் ஜெனீவாவுக்கான தொகையைக் குறைக்க ஆணையம் தீர்மானித்தது; எதிர்ப்புக்குப் பிறகு வெட்டு மென்மையாக்கப்பட்டாலும், கைக்கு வரும் ஊதியத்தில் சுமார் 5 சதவீதம் குறைந்தது. கணக்கெடுப்பின் முறையைப் புள்ளியியல் வல்லுநர்களே கேள்வி கேட்டார்கள், ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பிறகு வழக்குகள்.

ஜெனீவாவில் இருக்கும் அமைப்புகளில் ஐ.எல்.ஓ., உலக சுகாதார அமைப்பு போன்றவை ஐ.எல்.ஓ. நிர்வாகத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஐ.நா. செயலகத்தின் ஊழியர்களோ ஐ.நா.வின் சொந்தத் தீர்ப்பாயங்களுக்கு உட்பட்டவர்கள். 2019 ஜூலையில் ஐ.எல்.ஓ. தீர்ப்பாயம், அந்தத் தொகையைத் தானே முடிவுசெய்ய ஆணையத்துக்கு அதன் சட்டவிதிப்படி அதிகாரம் இல்லை, பொதுச் சபைக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும் என்று கூறி வெட்டை ரத்துசெய்தது. ஐ.நா.வின் தீர்ப்பாயங்கள் அதே வெட்டைச் செல்லும் என்றன. ஒரே நகரம், ஒரே விலைவாசி, ஒரே தரநிலை. ஆனால் சாலையின் இந்தப் பக்கக் கட்டடத்தில் ஒரு சம்பளம், அந்தப் பக்கக் கட்டடத்தில் வேறு சம்பளம். 2021 இறுதியில் பொதுச் சபை ஆணையத்தின் சட்டவிதியையே திருத்தி அதிகாரத்தை உறுதிசெய்தது. மனிதவளக் கொள்கையில் யார் முடிவெடுத்தார் என்ற கேள்வி, என்ன முடிவெடுத்தார் என்ற கேள்விக்கு எள்ளளவும் குறைந்ததல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஒரு கடிதத்தின் பயணம்

அன்றாடப் பணியாளர் உறவுகளில் அதிகம் உரசும் இடம் ஒப்பந்தம்தான். 2009 முதல் ஐ.நா. செயலகத்தில் தற்காலிக நியமனம், குறித்தகால நியமனம், முடிவு நாள் குறிக்கப்படாத தொடர் நியமனம் என மூன்று வகைகள் உண்டு. பெரும்பாலானோர் நடுவில் இருக்கும் குறித்தகால நியமனத்தில் இருப்பவர்கள். எத்தனை ஆண்டு பணிபுரிந்திருந்தாலும் அந்த நியமனம் புதுப்பிக்கப்படும் என்று எதிர்பார்க்க உரிமை இல்லை என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. எழுத்தில் உறுதியான வாக்குறுதி தரப்பட்டிருந்தால் மட்டும் கதை வேறு. நடைபாதையில் மேலாளர் தோளைத் தட்டிச் சொன்ன நல்ல வார்த்தை கணக்கில் வராது.

ஒரு பொதுவான சூழலை எடுத்துக்கொள்வோம். தொழில்முறைப் பணியாளர்களுக்கான பி-3 தரநிலையில் ஆறு ஆண்டுகளாக ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்டுவந்த ஓர் அதிகாரியின் ஒப்பந்தம் டிசம்பர் 31 அன்று முடிகிறது. இந்த முறை புதுப்பிக்க வேண்டாம் என்று அவருடைய மேலாளர் மனிதவளப் பிரிவுக்கு ஒருவரி மின்னஞ்சல் அனுப்புகிறார். சட்டப்படி பார்த்தால் காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். ஆனால் அனுபவமுள்ள மனிதவள அதிகாரி அந்த மின்னஞ்சலை அப்படியே கடிதமாக மாற்ற மாட்டார். காரணம் என்ன என்று கேட்பார். நிதி இல்லை என்றால் நிதிப் பிரிவின் ஆவணம் எங்கே? செயல்திறன் போதவில்லை என்றால், முந்தைய மதிப்பீடுகளில் அது பதிவாகியிருக்கிறதா, முன்னேற்றத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டதா, மதிப்பீட்டை மறுத்து முறையிட ஊழியருக்கு வாய்ப்புத் தரப்பட்டதா? கடந்த ஐந்து ஆண்டுகளாகத் திருப்திகரம் என்று கையெழுத்திட்டுவிட்டு ஆறாம் ஆண்டில் திறமை போதவில்லை என்று எழுதினால், அந்தக் கையெழுத்துகளே மேலாளருக்கு எதிரான சாட்சிகளாகிவிடும்.

நிர்வாகம் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்தக் காரணம் உண்மைகளால் தாங்கப்படவேண்டும் என்பது தீர்ப்பாயங்களின் உறுதியான நிலைப்பாடு. நிதி இல்லை என்று கடிதத்தில் எழுதிவிட்டு, மார்ச் மாதத்தில் அதே பணியிடத்துக்குச் சற்றே மாற்றிய பெயரோடு விளம்பரம் வெளியிட்டால் வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிடும். காரணமே சொல்லாமல் தப்பிக்கவும் முடியாது. ஊழியரோ தீர்ப்பாயமோ கேட்டால் காரணத்தைச் சொல்லியாகவேண்டும்.

கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஊழியருக்கு 60 நாட்கள் இருக்கின்றன. அதற்குள் நிர்வாக மறுமதிப்பீடு கோரவேண்டும். அதாவது, வெளியே நீதி கேட்பதற்குமுன், உங்கள் முடிவை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள் என்று அமைப்பையே கேட்பது. தலைமையகத்தில் 30 நாட்களுக்குள்ளும் மற்ற இடங்களில் 45 நாட்களுக்குள்ளும் பதில் வரவேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த 90 நாட்களுக்குள் ஐ.நா. தகராறுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2009 ஜூலை 1 அன்று பழைய நிர்வாகத் தீர்ப்பாய முறைக்கு மாற்றாகத் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயம் நியூயார்க், ஜெனீவா, நைரோபி ஆகிய மூன்று இடங்களில் இயங்குகிறது. அதற்குமேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். பழைய முறையில் ஊழியர்களும் நிர்வாகத்தினரும் அடங்கிய ஆலோசனைக் குழுக்கள் முதல் கட்டத்தில் இருந்தன. இப்போது தொழில்முறை நீதிபதிகள் முதல் கட்டத்திலேயே விசாரிக்கிறார்கள்.

இந்தக் கெடுக்களில் முதலாவதுதான் ஆள்விழுங்கி. நிர்வாக மறுமதிப்பீட்டுக்கான 60 நாள் கெடுவைத் தளர்த்தத் தகராறுத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது என்று அதன் சட்டவிதி சொல்கிறது. அதே கோரிக்கையை மறுபடி எழுதி, புதிதாக ஒரு மறுப்புக் கடிதம் பெற்று, அதிலிருந்து நாட்களை எண்ணலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஏமாற்றமே. முதல் முடிவை உறுதிசெய்யும் இரண்டாம் கடிதம் கடிகாரத்தை மறுபடி ஓட வைக்காது. ஊழியர் உறவு அதிகாரி ஒருவர் நல்லெண்ணத்தில், அவசரப்படாதீர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தால், அந்த நல்லெண்ணமே ஊழியரின் வழக்கைக் கொன்றுவிடும். குறைகேள் அதிகாரியின் அலுவலகம் வழியாக முறைப்படி சமரச முயற்சி நடந்தால் கெடுவை நீட்டிக்கப் பொதுச் செயலாளருக்கு வழி இருக்கிறது. தனிப்பட்ட பேச்சுவார்த்தைக்கு அந்தச் சலுகை இல்லை. ஊழியரிடம் இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லும் அதிகாரியைத்தான் நான் நேர்மையானவர் என்பேன். அந்தத் தகவலால் நிர்வாகத்துக்கு எதிராக ஒரு வழக்கு வரலாம் என்று தெரிந்தும் அவர் சொல்கிறார்.

முடிவு நடைமுறைக்கு வருவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் கேட்கலாம். முதல் பார்வையிலேயே முடிவு சட்டவிரோதமாகத் தெரியவேண்டும், அவசரம் இருக்கவேண்டும், நடைமுறைப்படுத்தினால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு நேரவேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே நிறுத்தம் கிடைக்கும். ஐந்து வேலைநாட்களுக்குள் தீர்ப்பாயம் முடிவு சொல்லிவிடும் என்பதால், அந்த ஐந்து நாட்கள் மனிதவளப் பிரிவுக்கு மிகுந்த நெருக்கடியான நாட்கள். கோப்பில் அதுவரை சேர்க்காத தாள் எதையும் அப்போது உருவாக்க முடியாது.

வென்றால் என்ன கிடைக்கும்? முடிவு ரத்தாகலாம். ஆனால் நியமனம், பதவி உயர்வு, பணிநீக்கம் தொடர்பான வழக்குகளில், ரத்துசெய்வதற்குப் பதிலாக நிர்வாகம் செலுத்தக்கூடிய ஒரு தொகையையும் தீர்ப்பாயம் குறிப்பிட்டாகவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு ஊழியரைத் திரும்ப எடுக்காமல் இருக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. இழப்பீடு வழக்கமாக இரண்டாண்டு நிகர அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டாது. தண்டனையாக ஒரு தொகையை விதிக்கவும் முடியாது. சட்ட உதவிக்கு ஊழியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்தே மிகச் சிறிய பங்கைச் செலுத்துகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தில் 0.05 சதவீதம் பிடிக்கப்பட்டு பணியாளர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகிறது, விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம்.

துன்புறுத்தல் புகார்கள்

மேலே சொன்ன முறை நிர்வாகத்தின் முடிவுகளை எதிர்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. சக ஊழியரோ மேலாளரோ செய்யும் துன்புறுத்தலுக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. பாகுபாடு, துன்புறுத்தல், பாலியல் துன்புறுத்தல், அதிகாரத் துஷ்பிரயோகம் ஆகிய நான்கையும் ஒரே அறிக்கையின்கீழ் கொண்டுவந்து 2019இல் ஐ.நா. திருத்திய கொள்கை, முந்தையதைவிட எவ்வளவோ மேல். புகாருக்கு ஆளானவரைவிடப் பாதிக்கப்பட்டவரின் தேவையை முன்னால் வைக்கிறது. முறைசாரா வழியைக் கட்டாயமாக்குவதில்லை. நடவடிக்கையின் முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது.

அதே ஆண்டு ஜனவரியில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பதிலளித்தவர்களில் மூன்றில் ஒருவர் முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பதிலளித்தவர்கள் அழைக்கப்பட்டவர்களில் சுமார் 17 சதவீதமே. முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் ஊழியர் உறவுப் பிரிவினருக்கு அதிகம் கவலை தரவேண்டும் என்று நினைக்கிறேன். பெயர் வெளிவராத கணக்கெடுப்பையே பெரும்பாலானவர்கள் நிரப்பவில்லை என்றால், கையெழுத்திட்ட புகாரை எத்தனை பேர் கொடுப்பார்கள்?

விசாரணையின் போது மனிதவள அதிகாரியின் நிலை எளிதல்ல. புகார் கொடுத்தவர் குற்றம்சாட்டப்பட்டவருக்கே அறிக்கை அளிக்கவேண்டிய நிலையில் இருந்தால் அந்த உறவை உடனே மாற்றவேண்டும். அதைப் புகார் கொடுத்தவருக்குத் தண்டனையாகத் தெரியாமல் செய்யவேண்டும். வேறு பிரிவுக்கு மாற்றப்படுவது எப்போதும் புகார் கொடுத்தவராகவே இருந்தால், அலுவலகத்தில் மற்றவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மறுபக்கத்தில், குற்றம்சாட்டப்பட்டவரைப் பணியிலிருந்து நீக்கும் அளவுக்குப் போனால், உண்மைகள் தெளிவாகவும் நம்பத்தகுந்த வகையிலும் நிறுவப்பட்டிருக்கவேண்டும்; கண்டனம், படிநிலைக் குறைப்பு போன்ற சிறிய தண்டனைகளுக்கு இதைவிடக் குறைந்த ஆதாரம் போதும். நிர்வாகம் சொல்லும் நடத்தை உண்மையில் நடந்ததா, அது விதிமீறல் ஆகுமா, தண்டனை அதற்குப் பொருத்தமானதா, முறை வழுவாமல் விசாரிக்கப்பட்டதா என்ற நான்கு கேள்விகளைத் தீர்ப்பாயம் வரிசையாகக் கேட்கும். பாதிக்கப்பட்டவர் சொன்னது முழுக்க உண்மையாக இருந்தும், சாட்சிகளை ஒழுங்காக விசாரிக்காததால் தண்டனை ரத்தாகும் வழக்கு, இரு தரப்புக்கும் அநீதி.

வேலையை விட்டு விலகினால் விசாரணையிலிருந்து தப்பிவிடலாம், அடுத்த அமைப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்ற பழைய வழக்கத்தை அடைக்க, 2018இல் அமைப்புகளுக்கிடையே பொதுவான ஒரு சரிபார்ப்புத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. சட்ட விலக்கும் இத்தகையவர்களுக்குக் கவசம் ஆகாது. அலுவல்முறைச் செயல்களுக்கே ஊழியருக்கு விலக்கு உண்டு. நீதிக்குத் தடையாக இருக்கும் இடத்தில் அந்த விலக்கை நீக்கப் பொதுச் செயலாளருக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு என்று 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையே சொல்கிறது.

பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள்

இதுவரை சொன்ன பாதுகாப்புகள் எல்லாம் நியமனக் கடிதம் பெற்ற பணியாளர்களுக்கு மட்டும். அதே அலுவலகங்களில் ஆலோசகர்களாகவும் தனிநபர் ஒப்பந்தக்காரர்களாகவும் பணிபுரிபவர்கள் பணியாளர்கள் அல்லர் என்று அவர்களது ஒப்பந்தத்தின் முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. அவர்கள் தகராறுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது; உள்நாட்டு நீதிமன்றத்துக்கும் போக முடியாது; மிஞ்சுவது நடுவர் தீர்ப்பு மட்டுமே, அதன் செலவையும் நேரத்தையும் பார்த்தால் சில மாதச் சம்பளப் பாக்கிக்காக யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஐ.நா. செயலகத்தில் ஆலோசகர் ஒருவர் 36 மாதங்களில் 24 மாதங்களுக்குமேல் பணிபுரியக்கூடாது என்ற வரம்பு, நிரந்தர வேலையை ஆலோசகர் பெயரில் செய்விப்பதைத் தடுப்பதற்காக வந்தது. நடைமுறையில் சிலருக்கு அது கட்டாய இடைவெளியாகவே முடிகிறது. இடைவெளி முடிந்ததும் அதே மேசைக்குத் திரும்புகிறார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 1999இல் வகுத்த மாற்று வழி என்ற அளவுகோல் மிக மெலிதாக நிற்பது இவர்கள் விஷயத்தில்தான்.

நிதி சுருங்கும் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. முதலில் போவது ஆலோசகர்கள். அதற்கு முன்னறிவிப்பைத் தவிர எந்த நடைமுறையும் தேவைப்படுவதில்லை. 2025 மார்ச்சில் பொதுச் செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் அறிவித்த, செலவைக் குறைத்து அமைப்பைச் சீரமைப்பதற்கான யு.என்.80 சீர்திருத்தமும், அதே ஆண்டு பல முகமைகளைத் தாக்கிய நிதி வெட்டுகளும் பணியாளர்களையும் எட்டின. ஒரு பணியிடம் நீக்கப்படும்போது, அதே வேலையைச் செய்யும் ஒத்த தரநிலையினரில் யாரை வைத்துக்கொள்வது என்பதற்குப் பணியாளர் விதிகளில் வரிசை உண்டு: தொடர் நியமனம் உள்ளவர் முதலில், போட்டித் தேர்வின் வழியாகச் சேர்ந்து இரண்டாண்டு குறித்தகால நியமனத்தில் இருப்பவர் அடுத்து, பிறகு மற்ற குறித்தகால நியமனத்தினர். திறமை, நேர்மை, பணிக்காலம் ஆகியவையும் கருதப்படும். இந்த ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரிப்பவர் மனிதவள அதிகாரி. பட்டியலில் ஒருவரின் பணித்தொடக்க நாளைத் தவறாகப் பதிந்தாலே முழு நடவடிக்கையும் ஆட்டம் காணும்.

குறித்தகால நியமனத்தை நடுவில் முடித்தால் தரவேண்டிய முன்னறிவிப்பு 30 நாட்கள். தொடர் நியமனத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்கள். வெளிநாட்டில் பணிபுரிபவருக்குத் தங்கும் அனுமதியும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும் அந்த வேலையோடு பிணைந்திருப்பதால், முப்பது நாள் என்பது ஒரு வாழ்க்கையைக் கலைத்து மூட்டை கட்டுவதற்கான அவகாசம். ஓய்வூதிய நிதியில் ஐந்து ஆண்டுப் பங்களிப்பு நிறைவாகாமல் போகிறவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. தான் செலுத்திய பங்கும் அதன் வட்டியும் மட்டும் கைக்கு வரும், அமைப்பு செலுத்திய பெரும்பங்கு நிதியிலேயே தங்கிவிடும். ஆகவே, ஆட்குறைப்புப் பட்டியலைக் கையில் எடுக்கும் அதிகாரி ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒப்பந்த முடிவு நாளோடு, ஐந்து ஆண்டு நிறைவாகும் நாளையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் நிற்கும் ஒருவரின் முடிவு நாளைச் சில வாரங்கள் தள்ளிவைக்கலாமா என்று கேட்க எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்பதைத் தடுப்பதும் இல்லை.